போனை மெஷின் பக்கத்தில் வையுங்கள்

எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் இனிமேல் தேறாது என்று கைவிரித்தவர் வேறு யாருமில்லை, எங்கள் ஆபீஸ்காரரேதான். அதுதான் எனக்கு ஆறவே இல்லை. வேறு கடை ஆள் யாராவது வந்து சொல்லியிருந்தால் போய்த் தொலையட்டும் என்று விட்டிருப்பேன்.

நான் வேலை பார்ப்பது வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்யும் ஒரு சர்வீஸ் சென்டரில். ரிப்பேர் செய்பவள் என்று நினைத்துவிடாதீர்கள். போன் எடுப்பவள். காலையில் போய் ஹெட்போனை மாட்டினால் சாயங்காலம் கழற்றும் வரை, ஊரில் உள்ள அத்தனை மெஷின்களின் சங்கடமும் என் காதில்தான். தண்ணீர் இறங்கவில்லை என்பார்கள். கதவு திறக்கவில்லை, நாளைக்குப் போடவேண்டிய சட்டை உள்ளே இருக்கிறது என்பார்கள். "பிளக் மாட்டியிருக்கீங்களா?" என்று கேட்டால், "எங்கள என்ன முட்டாள்னு நினைச்சீங்களா?" என்று எரிந்து விழுவார்கள். போய்ப் பார்ப்பார்கள். அப்புறம், "ஓடுதுங்க" என்று ஒரு முனகல். மன்னிப்புக் கேட்டவர் ஒருவரும் கிடையாது.

ஆளை அனுப்புவதற்கு முன்னால் எல்லோரிடமும் ஒன்று சொல்வேன். "மெஷினை ஓட விட்டுட்டு போனை அது பக்கத்துல வைங்க. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம்." இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு அம்மா, என்ன கோளாறு என்று சொல்லத் தெரியாமல், "நீயே கேட்டுக்கோ தாயே" என்று போனை மெஷின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். கேட்டேன். அன்று தொடங்கிய பழக்கம். கேட்கக் கேட்கப் பிடிபட்டது. பம்ப்பில் ஏதாவது சிக்கினால் இருமும். பெல்ட் தளர்ந்தால் கீச்சிடும். பேரிங் போனால், வேகம் ஏற ஏற உறுமலும் கூடவே ஏறும். வேலைச் சீட்டில் நான் 'பம்ப்' என்று எழுதிக் கொடுத்தால் அது பம்ப்பாகத்தான் இருக்கும். எங்கள் டெக்னீஷியன்கள் அதற்கான சாமானை மட்டும் எடுத்துக்கொண்டு போவார்கள். திரும்பி வந்து, "அக்கா, உங்க காதை இன்ஷூர் பண்ணி வைங்க" என்பார்கள். என்ன சத்தம் வந்தது, திறந்தால் உள்ளே என்ன இருந்தது என்று ஒவ்வொருவரையும் பிடித்து வைத்துக் குடைவேன். சாப்பிட உட்கார்ந்தவரைக்கூட விட்டதில்லை.

ஆனால் பாருங்கள், நான் கோளாறு சொன்ன மெஷின் ஒன்றைக்கூட நான் கண்ணால் பார்த்தது கிடையாது. இருமல் தெரியும், இருமுகிறவனின் முகம் தெரியாது. ஒரே ஒரு தடவை பின்பக்கத்தைக் கழற்றி, இதோ நான் சொன்ன பெல்ட், இதோ நான் சொன்ன பம்ப் என்று தொட்டுப் பார்க்க வேண்டும் என்று உயிர் அடித்துக்கொண்டது. சொன்னால் சிரிப்பார்கள் என்று வாயைத் திறக்காமல் இருந்தேன்.

அப்படி இருக்கும்போது எங்கள் டெக்னீஷியன் ஒருவர் வேலையை விட்டுப் போனார். அவர் ஓட்டிய வேன் ஆபீஸ் வாசலில் சும்மா நின்றது. இதைவிட்டால் வேறு நேரம் வராது என்று மேனேஜரின் அறைக்குள் போய், "சார், அந்த வேலையை எனக்குக் குடுங்க" என்று கேட்டேவிட்டேன்.

எங்கள் மேனேஜர் பொல்லாதவர் இல்லை. சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது, அவ்வளவுதான். அன்றைக்கும் வந்துவிட்டது.

"உனக்குக் காது இருக்கு, வாய் இருக்கு. ஆனா இதுக்குக் கை வேணுமேம்மா."

"பின்ன இது என்ன சார்?" என்று இரண்டு கையையும் நீட்டிக் காட்டினேன்.

"அட, அதில்ல. இதுவரைக்கும் ஒரு ஸ்க்ரூவாவது கழட்டியிருக்கியா நீ?"

கழற்றியதில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு என் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தேன். அன்று போன் செய்தவர்களெல்லாம் பாவம், என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

அந்த வாரமே எங்கள் வீட்டு மெஷின் கத்த ஆரம்பித்தது. துணி பிழியும் கட்டம் வந்ததும் குளியலறையே அதிர்ந்தது. வாளி தானாக நகர்ந்து கதவில் போய் முட்டியது. அலமாரியிலிருந்து சோப்பு டப்பா குதித்தது. என் மாமியார் ஹாலில் இருந்தபடியே, "என்ன, மேல் வீட்டுக்காரங்க கீழ இறங்கி வந்துட்டாங்களா?" என்று கேட்டார். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்று கேட்டேன். பேரிங் மாதிரிதான் இருந்தது. 'மாதிரி'தான். எங்கேயோ ஒன்று உதைத்தது. என்னவென்று சொல்லத்தான் தெரியவில்லை.

மறுநாள் எங்கள் ஆபீஸ் சீனியர் டெக்னீஷியனை வரச் சொன்னேன். அவருக்கு ஆபீஸில் பெயரே 'போச்சு'. எந்த வீட்டுக்குப் போனாலும், எந்த மெஷினைத் தொட்டாலும் அவர் வாயில் வரும் முதல் வார்த்தை அது. மோசமான ஆள் என்று சொல்ல முடியாது. ஒரு நாளில் அவர் தலையில் கட்டுகிற வீடுகளுக்கு, ஒவ்வொரு மெஷினையும் உட்கார்ந்து கொஞ்சிக்கொண்டிருக்க அவருக்கு நேரம் கிடையாது. வந்தார். மெஷின் கதவைத் திறந்து டிரம்மை உள்ளிருந்து ஆட்டினார். ஓடவிட்டார். வாளி நகர்வதைப் பார்த்தார்.

"போச்சு" என்றார். "பேரிங் போச்சும்மா. இதைப் பிரிச்சுச் சேர்க்கறதுக்குப் புதுசே வாங்கிடலாம்."

"அண்ணே, பின்னாடி ஒரு தடவை திறந்து பாத்துடலாமே?"

"திறந்து என்ன பாக்கறது? அதான் காது கிழியுதே." பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

என் வீட்டுக்காரர் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். பவர் மாறினால் கண்ணாடியை மாற்று, அவ்வளவுதான் அவருக்கு வாழ்க்கை. ரிப்பேர் என்ற பேச்சே பிடிக்காது. கடைத்தெருவுக்கு வெறும் கையோடு போய் வெறும் கையோடு திரும்பிய மனுஷனில்லை. அன்றே ஷோரூமுக்குப் போய்ப் புது மெஷின் ஒன்றைப் பார்த்து வைத்துவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொண்டுவந்து இறக்கிவிட்டு, பழையதை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களாம். மாட்டிக்கொடுக்க வருவதும் நம் போச்சு அண்ணன்தானாம்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றேன்.

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? உங்க ஆபீஸ் ஆளுதானே சொன்னாரு?"

அத்தைக்கும் பிடிக்கவில்லை. என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். "அந்த மெஷின் என்னை மாதிரிடா" என்றார் மகனிடம். "சத்தம் போட்டாலும் வேலையைச் செஞ்சிடுது. நாளைக்கு என்னையும் எக்ஸ்சேஞ்சுல போட்டுடுவியா?"

"உன்னை எவன்மா எடுப்பான்?" என்றார் இவர். அத்தை கையில் இருந்த டவலால் ஒரு வீசு வீசினார்.

மறுநாள் ஆபீஸில் விஷயம் எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. டீ நேரத்தில் மேனேஜர் எல்லோர் முன்னாலும் ஆரம்பித்தார்.

"என்னம்மா, ஊர் மெஷினுக்கெல்லாம் வைத்தியம் சொல்றே, உன் வீட்டு மெஷின் போயிடுச்சாமே?"

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "போகல சார். அது பேரிங் இல்ல" என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. வாய் முந்திக்கொண்டது.

டீயை ஊதிக்கொண்டிருந்த போச்சு அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "பின்ன என்னதும்மா?"

"தெரியல. ஆனா அது இல்ல."

மேனேஜருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சரி, இப்படி வெச்சுக்கலாம். உங்க வீட்டு மெஷின்தானே, நீயே சரி பண்ணு. பண்ணிட்டேன்னா அந்த வேன் வேலை உனக்கு. பண்ணலைன்னா இந்தப் பேச்சை இனிமே எடுக்கக் கூடாது. சரியா?"

"எல்லாரும் கேட்டுக்கோங்க, சார் வாயால சொல்லியிருக்காரு" என்றேன். சொல்லிவிட்டு நாற்காலிக்கு வந்து அடுத்த போனை எடுத்தேன். சுத்தமாக ஒன்றும் தெரியாது, ஆனால் சவடால் மட்டும் அப்படி.

சனிக்கிழமை சாயங்காலம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குளியலறைக்குள் இறங்கினேன். எங்கே தொடங்குவது? தினமும் நான் ஊருக்குச் சொல்கிற இடத்திலேயே தொடங்கலாம் என்று கீழே இருக்கும் ஃபில்டர் மூடியைத் திருகினேன். ஃபில்டரைத் திறப்பதற்கு முன்னால் தண்ணீரை வடிக்க வேண்டும், கீழே ஒரு தட்டு வைக்க வேண்டும், பழைய துணி போட வேண்டும். இதை நான் ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குச் சொல்கிறேன் என்று கணக்கே இல்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எனக்கு நானே சொல்லிக்கொள்ளத்தான் மறந்துவிட்டேன். மூடி கையோடு வந்தது. உள்ளே இருந்த அழுக்குத் தண்ணீர் மொத்தமும் என் மடியில் கொட்டி, குளியலறை வாசலைத் தாண்டி ஹாலுக்குள் ஓடியது. அத்தை காலைத் தூக்கிச் சோபா மேல் வைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் செய்தித்தாளை மடக்காமலே, "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுக்க மாட்டியா?" என்றார்.

ஃபில்டரில் ஒரு சட்டைப் பட்டன் இருந்தது. அதை எடுத்தேன். மெஷினை ஓடவிட்டேன். முன்னைவிட அதிகமாகக் கத்தியது. கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன், திறந்து வைத்துக் கேட்டேன், காதை மெஷின் மேலேயே ஒட்டிக் கேட்டேன். கத்தல், அதிர்வு, வாளி உருளல், டைல்ஸ் கிறுகிறுப்பு எல்லாம் சேர்ந்து ஒரே களேபரம். மேனேஜர் சொன்னது சரிதானோ என்று முதல் தடவையாகத் தோன்றியது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். அழுகை வந்தது மெஷினுக்காக இல்லை. திங்கட்கிழமை அதே நாற்காலியில் போய் உட்கார்ந்து, அதே ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இன்னும் எத்தனை காலம் மற்றவர்கள் போகிற வீடுகளுக்கு நான் வழி சொல்லிக்கொண்டிருப்பது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை. பால் வாங்கி வருகிறேன் என்று கீழே இறங்கித் தெருமுனை வரை நடந்தேன். பஸ் போகிறது, ஒருவன் ஷட்டரைத் தூக்குகிறான், நாய் குரைக்கிறது. போன் அடித்தது. இவர்தான்.

"எங்க போயிட்ட? அம்மா பெட்ஷீட்டை எல்லாம் போட்டு மெஷினை ஓட விட்டுட்டாங்க. புதுசு வர்றதுக்குள்ள கடைசியா ஒரு தடவை துவைச்சு எடுத்துடணுமாம். கட்டடமே ஆடுது. நீ வந்து உங்க அத்தைகிட்ட சொல்லு, நான் சொன்னா..."

அவர் பேச்சுக்குப் பின்னால் மெஷின் கத்திக்கொண்டிருந்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"பேசாதீங்க" என்றேன்.

"என்னது?"

"நீங்க ஒண்ணும் பேச வேண்டாம் சார். போனை மெஷின் பக்கத்துல வைங்க."

"சாரா? ஏய், நான்டி!"

"தெரியும். வைங்க சார்!"

வைத்தார். நான் ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, நிறுத்தி வைத்திருந்த ஒரு காருக்குப் பின்னால் போய்க் குந்தினேன். கண்ணை மூடினேன். அட, என்ன அதிசயம்! வாளி இல்லை, டைல்ஸ் இல்லை, அதிர்வு இல்லை. வேண்டாததை எல்லாம் அந்தப் போன் வடிகட்டிவிட்டது. எத்தனையோ வருஷமாக என் காதுக்குப் பழகிப்போன, ஒல்லியான, சுத்தமான சத்தம். டிரம் ஒரு பக்கமாகச் சுற்றியது. நின்றது. மறுபக்கம் திரும்பியது. திரும்பும்போது ஒரு 'டக்'. மறுபடியும் சுற்றல், நிற்றல், திரும்பல். 'டக்'.

பேரிங் உறுமும், 'டக்' என்று தட்டாது. இந்தச் சத்தத்தை நான் முன்னாலேயே கேட்டிருக்கிறேன். யாரோ ஒரு பெரியவர் வீட்டு மெஷின். போய் வந்த டெக்னீஷியனைச் சாப்பிடவிடாமல் குடைந்தபோது அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் நினைவுக்கு வந்தது. டிரம்முக்குப் பின்னால் ஒரு பெரிய சக்கரம் இருக்கும், பெல்ட் அதைத்தான் சுற்றும், அந்தச் சக்கரத்தின் நடு போல்ட் தளர்ந்துவிட்டது, இறுக்கினேன், அடங்கிவிட்டது. எழுந்து நின்றேன். எதிரே வந்த ஒருவர் என்னைப் பார்த்துக் கொஞ்சம் ஒதுங்கிப் போனார். போகட்டும். பாலாவது ஒன்றாவது, வீட்டுக்கு ஓடினேன்.

"மெஷினை நிறுத்துங்க! பிளக்கை எடுங்க! தண்ணிக் குழாயை மூடுங்க!" என்று மாடிப்படியிலிருந்தே கத்தினேன். உள்ளே போனதும், "ஸ்பேனர் இருக்கா வீட்டுல?" என்றேன்.

என் வீட்டுக்காரர் முகம் ஒரு மாதிரி ஆனது. மெதுவாகப் போய்ப் பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், இன்னும் எதற்கு என்றே தெரியாத என்னென்னவோ, எல்லாம் வரிசையாக, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் பளபளவென்று இருந்தது. எப்போது வாங்கினார் என்று நான் கேட்கவில்லை. வாங்குகிற புத்தியைப் பற்றி நான் அதுவரை பேசிய பேச்சை எல்லாம் அந்த ஒரு நிமிஷத்துக்கு வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

தண்ணீரை வடித்து, பெட்ஷீட்டுகளை வாளிக்கு மாற்றி, மூன்று பேருமாகச் சேர்ந்து மெஷினை வெளியே இழுத்துத் திருப்பினோம். வாழ்க்கையில் நான் கழற்றிய முதல் ஸ்க்ரூ வர மாட்டேன் என்று அடம் பிடித்தது. இரண்டாவது கொஞ்சம் இரக்கம் காட்டியது. அதற்குப் பிறகு கை தானாகவே வேலை செய்தது. பின்பக்கத் தகடு கழன்று வந்தது. அத்தை டார்ச் அடித்தார்.

அத்தனையும் அங்கே இருந்தது. சக்கரம், பெல்ட், கீழே மோட்டார், ஓரத்தில் பம்ப். பெயர் பெயராகத் தெரியும், முகம் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஒவ்வொன்றாக, மெதுவாக விரலால் தொட்டேன். "என்னம்மா, பயமா இருக்கா?" என்று அத்தை கேட்டார். "இல்ல அத்தை, சந்தோஷமா இருக்கு" என்றேன்.

சக்கரத்தின் விளிம்பைப் பிடித்து ஆட்டினேன். 'டக்'. மறுபக்கம் ஆட்டினேன். 'டக்'. என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். "அட!" என்றார். அந்த ஒரு வார்த்தையில் பாதி ஆள் என் பக்கம் வந்துவிட்டார்.

போல்ட்டை இறுக்கப் போனால் சக்கரம் கூடவே சுற்றியது. "முன்னாடி போய் டிரம்முக்குள்ள கையை விட்டு இறுக்கிப் பிடிங்க" என்றேன். பிடித்தார். நான் ஸ்பேனரில் தொங்கினேன்.

"விடாதீங்க!"

"விடலடி!"

"சுத்துதே!"

"நான் பிடிச்சுத்தான் இருக்கேன், நீதான் என்னையும் சேத்துச் சுத்தறே!"

அத்தை டார்ச்சைச் சோபாவில் போட்டுவிட்டு வந்து மகனின் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அப்படியே மூன்று பேரும் ஒரு முக்கு முக்கினோம். போல்ட் கால் சுற்று போனது. இன்னும் கொஞ்சம் போனது. அப்புறம் அசையவில்லை. சக்கரத்தை ஆட்டிப் பார்த்தேன். பேச்சு மூச்சு இல்லை. நாங்கள் முக்கியதில் கழன்றிருந்த பெல்ட்டைத் திரும்ப ஏற்றுவதற்குள் விரல் நசுங்கி, வாயில் நல்ல வார்த்தை ஒன்றும் வரவில்லை. ஏற்றிவிட்டேன். தகட்டை மூடினேன். மெஷினை அதன் இடத்தில் தள்ளினோம். பெட்ஷீட்டுகளை உள்ளே போட்டு, "பிழியற பட்டனை அமுக்குங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

"எங்க போற? இங்கயே நின்னு கேளேன்!" என்றார் இவர்.

"இங்க நின்னா எனக்குக் காது கேக்காது."

மறுபடியும் தெருமுனை. மறுபடியும் அதே காருக்குப் பின்னால். போனைக் காதில் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

"ஹலோ?" என்றேன். பதில் இல்லை. "ஹலோ, லைன் கட்டாயிடுச்சா? ஹலோ!"

"கட்டாகல" என்றார் இவர். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"அப்ப ஏன் இன்னும் ஓட விடல?"

"ஓடுதும்மா. ஃபுல் ஸ்பீடுல ஓடுது. வாளி அது பாட்டுக்கு நின்ன இடத்துலயே நிக்குது."

போனைக் காதோடு அழுத்தினேன். அடியில், வெகு அடியில், 'உம்' என்று சீரான ஒரு ஓட்டம் கேட்டது. வேறு எதுவும் இல்லை. நான் நடுத்தெருவில், நட்டநடுப் பகலில், இரண்டு கையையும் மேலே தூக்கி ஒரு சத்தம் போட்டேன் பாருங்கள், காலையில் ஷட்டரைத் தூக்கிய கடைக்காரன் வெளியே ஓடிவந்துவிட்டான்.

சரியாக அந்த நேரம் பார்த்து ஷோரூம் வண்டி வந்து நின்றது. பின்னாலேயே போச்சு அண்ணன் வந்து இறங்கினார். "என்னம்மா, தெருவுல நின்னு என்ன பண்றே?" என்றார். "மேல வாங்க அண்ணே" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன்.

இரண்டு ஆட்கள் புது மெஷினைப் பெட்டியோடு மாடிப்படி ஏற்றிக் கொண்டுவந்து ஹாலில் இறக்கினார்கள். குளியலறையில் பழையது ஓடிக்கொண்டிருந்தது. போச்சு அண்ணன் வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு உள்ளே போய் மெஷின் தலையில் உள்ளங்கையை வைத்தார். வெகு நேரம் எடுக்கவே இல்லை. அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வரும் என்று எல்லோரும் காத்திருந்தோம். வரவில்லை.

"பின்னாடி சக்கர போல்ட்டா?" என்றார்.

"ஆமாண்ணே."

"நான் திறந்தே பாக்கலம்மா" என்றார். "நீ சொன்னப்பவே திறந்திருக்கணும்." மனுஷன் மென்று முழுங்காமல் நேராகச் சொன்னார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அங்கேயே போய்விட்டது.

வண்டிக்காரர், "சார், பழசை எடுத்துடலாமா?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார். அவர் புதுப் பெட்டியைப் பார்த்தார். அதன் மேல் ஒட்டியிருந்த பளபள படத்தை ஒரு தடவை தடவியும் பார்த்தார். அந்த ஆசை எனக்குத் தெரியாதா?

"திருப்பி எடுத்துட்டுப் போங்க" என்றார். "எங்க வீட்டு மெஷினை என் பொண்டாட்டி சரி பண்ணிட்டா."

ஷோரூம் ஆட்களுக்கு முன்னால், போச்சு அண்ணனுக்கு முன்னால், அப்படியே சொன்னார். அத்தை குளியலறைக் கதவைத் திறந்து வைத்து, "நல்லாப் பாத்துட்டுப் போங்கப்பா" என்று அந்த ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.

திங்கட்கிழமை ஆபீஸில் எல்லோருக்கும் செய்தி தெரிந்திருந்தது. டெக்னீஷியன்கள் என்னைப் பார்த்து மேஜையைத் தட்டினார்கள். மேனேஜர் மட்டும் என் கண்ணில் படாமல் நழுவிக்கொண்டிருந்தார். நானே போய் நின்றேன்.

"சார், வேன்."

"இரும்மா, அவசரப்படாதே. ஏதோ ஒண்ணு சரியா வந்துடுச்சு. உன் வீடு, உன் மெஷின், நிதானமாப் பாத்திருப்பே. வெளி வீடுன்னா அப்படியா? தெரியாத ஆளுங்க பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருப்பாங்க..."

"எல்லார் முன்னாடியும் வாக்குக் குடுத்தீங்க சார்."

"குடுத்தேன், இல்லைங்கல. கொஞ்ச நாள் போகட்டுமே."

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன சொல்லியிருப்பேனோ, அதற்குள் என் மேஜையில் போன் அடித்தது. போய் எடுத்தேன். போச்சு அண்ணன்.

"தங்கச்சி, மேனேஜர் பக்கத்துல இருக்காரா? ஸ்பீக்கர்ல போடு." போட்டேன். "நான் ஒரு வீட்டுல இருக்கேன். சத்தம் ஒண்ணும் பிடிபடல. போனை மெஷின் பக்கத்துல வைக்கறேன், நீ கேட்டுச் சொல்லு."

ஆபீஸே என் மேஜையைச் சுற்றிக் கூடியது. ஊருக்கே தீர்ப்புச் சொல்கிற மனுஷன், போனை மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார். கீச், கீச் என்று கேட்டது. பெல்ட். பச்சைக் குழந்தைகூடச் சொல்லிவிடும். அவருக்குத் தெரியாமலா இருக்கும்? எனக்குப் புரிந்துவிட்டது.

"என்னம்மா அது?" என்றார் மேனேஜர். அவருக்கே பொறுக்கவில்லை.

நான் ஹெட்போனைக் கழற்றி மேஜை மேல் வைத்தேன். "போன்ல சரியாக் கேக்கல சார். நேர்ல போய்த்தான் பாக்கணும்."

"ஆமா சார்" என்றது ஸ்பீக்கர். "இது நேர்ல வந்தாத்தான் ஆகும். வேனை எடுத்துட்டு வரச் சொல்லுங்க. நான் அடுத்த வீட்டுக்குக் கிளம்பறேன்."

மேனேஜர் என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார். அவருக்கு அந்தச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்தபடியே வாசலைப் பார்த்துக் கையை வீசினார். "போம்மா, போ. ரெண்டு பேரும் சேந்து என்னை மடக்கிட்டீங்க. போய்ட்டு வா."

எங்கள் வீட்டில் கார் ஓட்டுவது நான்தான். இவருக்கு ஸ்டீரிங்கைக் கண்டாலே நடுக்கம். அதனால் வேன் எனக்குப் பெரிய விஷயமாக இல்லை. தெருவைக் கண்டுபிடித்து, வண்டியை ஓரமாக நிறுத்தி, டூல் பேக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு படி ஏறினேன். நல்ல கனம். மணியை அடித்தேன்.

ஒரு அம்மா கதவைத் திறந்தார். என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் படிக்கட்டை எட்டிப் பார்த்தார்.

"டெக்னீஷியன் வராருன்னு சொன்னாங்க. எங்கம்மா, கீழயா இருக்காரு?"

"வந்தாச்சுங்க" என்றேன். "நான்தான்."